கட்டுமரம் என்று பெயர் எழுதிய படகு

எங்கள் அண்ணா சல்லி என்ற எங்கள் மீனவக் கரையில் பிறந்து, எழுபது வயதுவரை அங்கேயே தொழில் செய்து, அங்கேயே கண் மூடினார். அவர் எங்களைப் பிரிந்து இன்று ஓராண்டு ஆகிறது. அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் எழுத நினைப்பது அவருடைய படகின் பெயரைப் பற்றி. அந்தப் பெயருக்காகப் பன்னிரண்டு வருடம் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அப்பா இறந்தபோது அண்ணாவுக்கு வயது பதினாறு, எனக்கு ஆறு. வீட்டில் இருந்தது ஒரு கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டுவதால் அந்தப் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டு, அடுத்த நாள் மறுபடி கட்டவேண்டும் என்பது தொழில் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பாவின் இடத்தில் அம்மா வந்து நின்றார். சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலை மரத்தில் ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். அண்ணா முடிச்சுப் போடுவார். அண்ணாவுக்குக் கலியாணம் ஆகும்வரை இப்படித்தான். அந்த உழைப்பில் படித்துத்தான் நான் நகரத்தில் மேசையில் இருந்து எழுதும் கந்தோர் வேலைக்குப் போனேன்.

அம்மா இறந்த அடுத்த வருடம் அண்ணா பைபர் படகு வாங்கினார். கட்டுமரத்தில் பெயர் எழுத இடமில்லை. பைபர் படகு பெயரில்லாமல் கரையில் நிற்காது. மகளின் பெயரோ சாமியின் பெயரோ இருக்கும். அம்மாவின் பெயரை எழுதுவோம் என்று நான் சொன்னேன்.

"அது ஏலாது" என்றார் அண்ணா. காரணம் சொல்லவில்லை. தானே "கட்டுமரம்" என்று எழுதிவிட்டார்.

கரை முழுக்கச் சிரித்தது. கிண்ணியாவிலிருந்து படகு இயந்திரம் திருத்த வரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், "என்ன அண்ணன், மாட்டுக்கு ஆடு எண்டு பேர் வைச்சிருக்கிறீங்க?" என்று பகிடி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயை மறந்தவர் என்று அண்ணாவின் முகத்துக்கே சொன்னேன். அதன்பின் நன்மை தீமைக்குப் போனாலும், முற்றத்தில் நின்று அண்ணியோடு கதைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அண்ணா நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் கேட்டேன். "அண்ணா, ஏன் அம்மாட பேரை எழுத விடேல்ல?"

"நீ கந்தோருக்குப் போனனீ. உனக்குத் தெரியாது. இயந்திரம் நிண்டா, பேரைச் சொல்லித்தான் படகை ஏசுவாங்கள். காலாலயும் உதைப்பாங்கள். அம்மாட பேரைச் சொல்லி ஒருத்தன் ஏச, நான் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ?" சற்று மூச்செடுத்தார். "மரத்தை ஏசினா ஏசட்டும். ஆனா அந்த மரத்தைக் கட்டினது ஆர் எண்டு எனக்குத் தெரியும்."

பன்னிரண்டு வருடத்தை வீணாக்கிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சரி விடு. சாப்பிட்டனியோ?" என்றார் அவர்.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களையும் தாதியரையும், அவரை வீட்டுக்குக் கொண்டுவர ஓட்டோவோடு காத்து நின்ற அந்த நானாவையும், அவர் போன அன்று ஒரு படகைக்கூடக் கடலில் இறக்காத அயலவர்களையும் எங்கள் குடும்பம் மறவாது.

படகு இப்போது அண்ணாவின் மூத்த மகனிடம் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. சென்ற மாதம் அவன் பெயின்ற் வாளியோடு என்னிடம் வந்தான். "சித்தப்பா, அப்பாட பேரை எழுதுவமோ?"

"அது ஏலாது" என்றேன். ஆனால் காரணத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன்.