முறையைக் கொடுக்கும் நிறஞ்சனா

"என்ர முறை சுதாஜினிக்கு! பூதம் இடப்பக்கத்தால வருது. முதல்ல காயத்தைக் கட்டு பிள்ளை, பிறகு ஓடலாம்!" என்று கத்திவிட்டுப் பகடையை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார் நிறஞ்சனா. தனக்காக அவர் பகடை எறிந்து யாரும் பார்த்ததில்லை.

முல்லைத்தீவில் சுஜிதனின் போட்டோக்கொப்பிக் கடை அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சோறும் இறங்கியபின், கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு நாலு கதிரை போடுவார்கள். விளையாட்டு முழுக்கக் கற்பனை. சுஜிதன் காடு, கோட்டை, பூதம் என்று கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். சுதாஜினி வைத்தியச்சி. லக்ஷன் வாள்வீரன். சண்டை வந்தால் முறை முறையாகப் பகடை எறிய வேண்டும். நிறஞ்சனாவின் வேடத்துக்கு மட்டும் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. நிலைமையைப் பார்த்து ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தன் முறையை அவருக்குக் கொடுப்பார். கொடுத்தால் அந்த ஆளின் அடி பலமாக விழும். கொடுத்த முறையைத் திருப்பி வாங்க முடியாது.

இணையத்தில் ஆங்கிலத்தில் கிடந்த விளையாட்டைத் தமிழாக்கியது சுஜிதன். இந்த வேடத்துக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'தலைவர்'.  அதை வாசித்ததும், வெளியே யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று சுதாஜினி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம். "அது வேண்டாம் சுஜிதன், வேற பிடியும்," என்று நிறஞ்சனாதான் முடித்து வைத்தார். ஏன் என்று எவரும் கேட்கவில்லை; போர் நடந்த இந்த மண்ணில் அதைக் கேட்க வேண்டியதும் இல்லை. கடைசியில் 'மண்டாடி' என்று வைத்தார்கள். கரைவலைக்காரருக்கு வழி சொல்லி, ஆட்களை ஏவுபவர் மண்டாடி. நிறஞ்சனாவின் அப்பாவும் அதுதான். "பொம்பிளை மண்டாடி எங்கையும் இல்லை. அதால எனக்குத்தான் வேணும் எண்டு பறிச்சனான்," என்று சிரிக்கிறார்.

வயது முப்பத்திரண்டு. வேலை 'காமன்ஸ்' என்று இங்கே எல்லாரும் சொல்லும் ஆடைத் தொழிற்சாலையில். விடியலில் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு. வெறுந்தேத்தண்ணியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். பஸ்ஸில் யாராவது நின்றால் உட்கார மாட்டார். எல்லாரும் உட்கார்ந்த பின்னும் இடம் கிடைத்தால் பார்க்கலாம். அண்மையில் தொழிற்சாலையில் தலைமைத்துவப் பயிற்சி நடந்ததாம். வந்தவர் கழுகின் படத்தைக் காட்டி, அப்படி உயரப் பறக்க வேண்டும் என்றாராம். "அது தன்பாட்டில தனியப் பறக்குது. அதுக்கு என்ன ரீம், என்ன கூட்டம்?" என்று, இவரைப் பற்றி எழுதப் போன என்னிடம் கேட்டார். 

நான் போன அன்று நாலாவது கதிரை சும்மா கிடந்தது. இருக்கப் போனேன். "அது லக்ஷன்ர," என்றார். கடுதாசிக் கட்டொன்றின்மேல் குந்தவேண்டியதாயிற்று. லக்ஷன் பிரான்சுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சேர்ந்து விளையாடுவதாகச் சொல்லிப் போனவர். அங்கே உணவகத்தில் ஞாயிறுதான் வேலை மும்முரம். ஒரு ஞாயிறும் வரவில்லை.

போவதற்கு முன் இதே மேசையில் வைத்து, "நிறா, போகட்டோ?" என்று கேட்டிருக்கிறார். "போம். நாங்கள் எல்லாம் இருக்கிறம்தானே, பிறகென்ன?" என்றாராம் இவர்.

"அவரில விருப்பம் இல்லையோ?" என்று கேட்டேன். நாகரிகமில்லாத கேள்விதான், வாயில் வந்துவிட்டது.

"விருப்பம் இல்லாமலோ! நில்லும் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நிண்டிருப்பார். அதாலதான் சொல்லேல்லை."

நான் போன அன்று விளையாட்டில் கோட்டை வாசலில் சண்டை இறுகிவிட்டது. சுதாஜினியின் வைத்தியச்சி பூதத்தின் கையில் அகப்பட்டு நின்றாள். முறை நிறஞ்சனாவுக்கு வந்தது. எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "லக்ஷன், என்ர முறை உமக்கு! வெட்டும்!" என்று கத்தினார்.

கத்தியபிறகுதான் அவருக்கே உறைத்தது. சுஜிதன் தலையைச் சொறிந்துகொண்டு, கொடுத்த முறை கொடுத்ததுதான் என்றார். அடுத்த எறியில் வைத்தியச்சி செத்துப்போனாள். இரண்டு வருடமாக வளர்த்த ஆள்.

"இல்லாத ஆளுக்கு இன்னும் எத்தினை நாளைக்கு அக்கா முறை குடுப்பியள்? இஞ்ச இருக்கிற நாங்கள் ஆர்?" சுதாஜினிக்கு அழுகை வந்துவிட்டது. நிறஞ்சனா அவளைக் கட்டிப்பிடித்து, "பிழைதான் பிள்ளை, என்ர பிழைதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 

நடந்ததை அப்படியே போனில் லக்ஷனுக்கு எழுதி அனுப்பினார் சுஜிதன். தேத்தண்ணி வந்து ஆறும் நேரத்தில் நிறஞ்சனாவின் போனுக்குக் குரல்பதிவு வந்தது. எல்லாரும் கேட்கவே போட்டார்.

"நிறா, என்ர வாள்காரனை அங்க முடிச்சு விடுங்கோ. இனி என்னைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம். இஞ்ச திங்கக்கிழமை லீவில விளையாடுற கூட்டமொண்டு அம்பிட்டிருக்கு. நாளைக்கு வரச்சொல்லுகினம். எனக்கெண்டால் ஏலும்போல இல்லை. எப்ப வெட்டுறதெண்டு சொல்ல நீர் இல்லாமல் கை ஓடாது. போகட்டோ?"

நிறஞ்சனா போனை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனார். பொத்தானை அழுத்தி, "நல்லது லக்ஷன். போய்..." என்று தொடங்கினார். குரல் உடைந்தது. பதிந்ததை அழித்தார்.  சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

"என்ன காணும் யோசிக்கிறீர்? நாளைக்குப் போய்க் களத்தில இறங்கும்!" என்று சந்திக்கே கேட்கச் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு, விரலை எடுத்தார்.