ஊர்ப் புகை

பராஸ்கா அக்கா கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மறுகை பால் கேன் ஏற்றிய கைவண்டியை இழுக்கிறது. காலை ஏழு மணி, கணுக்கால் வரை பனி. வீட்டுக்கு வீடு நின்று பாலை அளந்து ஊற்றிக்கொள்வது அவள் தொழில். கூடவே ஒவ்வொரு கூரையாகக் காட்டி ஃபேஸ்புக் நேரலையில் பேசுவாள்: "கோஸ்தியா வீடு, புகை வருது. மெலானியா வீடு, வருது. இன்னிக்குத் திராட்சைக் கொடியைப் போட்டு எரிக்கிறா, இங்க வரைக்கும் வாசனை."

மால்டோவாவில் எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில் பாதி வீட்டில் வயசானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் இத்தாலியில் யார் வீட்டுக் கிழவியையோ குளிப்பாட்டுகிறார்கள், அயர்லாந்தில் கட்டடம் கட்டுகிறார்கள். போன் போட்டுக் கேட்டால் பெற்றவர்கள் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். உயிர் போகிற நேரத்திலும் அதைத்தான் சொல்வார்கள். புகைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே அங்கே அத்தனை பேரும் வேலைக்குக் கிளம்பும் முன் அக்காவின் நேரலையைத் திறந்து தங்கள் கூரைக்காகக் காத்திருக்கிறார்கள்.

போன ஜனவரியில் ஒருநாள் தொவாதெர் பெரியவரின் வீட்டைக் காட்டிப் பழக்கதோஷத்தில் "வருது" என்று சொல்லிவிட்டு அக்கா நகர்ந்தாள். இத்தாலியில் பாதுவா நகரத்திலிருந்து அவர் மகள் லீலியா உடனே எழுதினாள்: "அக்கா, அது பின்வீட்டுப் புகை. எங்க வீட்டுல வரல." அக்கா வண்டியைப் போட்டது போட்டபடி ஓடினாள். மனிதர் விறகுக் குவியலருகே இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். உதடெல்லாம் நீலம். பிழைத்துவிட்டார். அன்று அதே வாசலைக் கடந்துதான் நானும் கடைக்குப் போயிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உள்ளங்கை அகலக் கண்ணாடியில், எது தன் வீட்டுப் புகை என்று ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரமே மெலானியா வேண்டுமென்றே அடுப்பு மூட்டாமல் இருந்தாள். அவள் நினைத்தபடியே பத்து நிமிஷத்தில் மகள் போனில் அழுதாள். அக்கா வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்: "மகளோட பேசணும்னா வாயைத் திறந்து கூப்பிடுடி. உனக்காகப் பனியில ஓடி நான் விழுந்து வச்சா, என் வீட்டுப் புகையை யார் பார்ப்பா?"

அது வெறும் பேச்சு இல்லை. நாலு வருஷத்துக்கு முன் தன் அப்பாவை அடக்கம் பண்ண அக்காவின் மகன் சாந்து டப்ளினிலிருந்து வரவில்லை. "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அவனும் அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் தினமும் நேரலை ஆரம்பிப்பது அவள் வீட்டுக் கூரையிலிருந்துதான். "பாலுக்குக் கிளம்பினதும் ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு அக்கா இவ்வளவு விறகு?" என்றால், "திரும்பி வந்தா குளிரும்ல" என்பாள். பார்க்கிறவர்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும், ஒரே ஒரு ஆளைத் தவிர. முகத்துக்குப் பதில் ஒரு மோட்டார் சைக்கிள் படம், பெயரும் ஏதோ பொய்ப்பெயர். ஒருநாளும் தவறாமல் வரும், ஒருநாளும் ஒரு வார்த்தை எழுதாது. "யாருடி இந்த மோட்டார் சைக்கிள்?" என்று என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நேரலை வரவில்லை. எட்டு மணிக்கு அந்த மோட்டார் சைக்கிளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி: "எங்கம்மா வீட்டுல புகை வருதா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஜன்னல் வழியே எதிரே அக்கா வீட்டைப் பார்த்தேன். வரவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அக்கா காய்ச்சலில் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்தாள். நான் செய்தியை அவள் கண்ணெதிரே நீட்டினேன். படித்தாள். கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து மறுபடி படித்தாள். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, சால்வையோடு அடுப்பின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "நான் மூட்டறேன் அக்கா" என்றதற்கு என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ போனை எடுத்துக்கிட்டு வாசல் கேட் பக்கம் போய் நில்லு. கூரை முழுசாத் தெரியணும்."

நான் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். தீ பற்றிக்கொண்டிருந்தது. அக்கா மூலையிலிருந்த ஈரத் திராட்சைக் கொடிகளை ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து ஒடித்து, புகை கனமாக எழும்பட்டும் என்று, மேலே மேலே அடுக்கிக்கொண்டிருந்தாள்.