துறைமுகம் பற்றி என் கருத்து

எனக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று என் மனைவிக்கு ஒரு சந்தேகம் உண்டு. பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் வீடு. காலையில் இரண்டு பத்திரிகை, ஒரு காப்பி. எட்டு மணிக்குள் நாட்டின் பாதிப் பிரச்சினைகளுக்குத் தீர்வு தயாராகிவிடும். நான்குவழிச் சாலை, பெண்களுக்கு இலவசப் பேருந்து, வயலில் பிளாட் போடுவது, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி என்று எல்லாவற்றைப் பற்றியும் வாசகர் கடிதம் எழுதியிருக்கிறேன். நாலு அனுப்பினால் ஒன்று வரும். வந்ததை வெட்டி ஒரு ஃபைலில் ஒட்டி வைப்பேன். மனைவி ஆதார் நகலைத் தேடும்போதெல்லாம் அவள் கையில் அகப்படுவது அந்த ஃபைல்தான்.

எங்கள் கடற்கரையில் பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது நான் சும்மா இருப்பேனா? கடற்கரை ஊர்களில் வேண்டாம் என்றார்கள். எங்களைப் போல உள்ளே இருப்பவர்களில் பலர் வேண்டும் என்றார்கள். நான் வேண்டும் பக்கம். இங்கே படித்த பிள்ளைகள் வேலைக்கு வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். என் மகனும் அப்படிப் போனவன்தான். அந்த ஆதங்கத்தில் கடிதம் நன்றாகவே வந்தது. நடுவில், ‘கடற்கரையில் சிலர் விவரம் தெரியாமல் எதிர்க்கிறார்கள்’ என்று ஒரு வரி. அதை எழுதி முடித்ததும் இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். பத்திரிகையில் ஒரு எழுத்துகூட வெட்டாமல் போட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருவர் உண்டு. என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போவார். பதினோரு வருடங்களாக எங்கள் வீட்டில்தான் முதல் விற்பனை. என்ன மீன் வாங்குவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. இன்றைக்குச் சாளை வேண்டாம், நெத்திலி எடுங்க என்று அவர் சொன்னால் அன்றைக்கு எங்கள் வீட்டில் நெத்திலி அவியல். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, மீன் பொதிய எங்கள் பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மாதக் கடைசியில் நானே கட்டிக் கொடுப்பேன்.

அந்த மாதக் கட்டில் என் கடிதம் வந்த பத்திரிகையும் போய்விட்டது. எனக்கென்று இரண்டு பிரதி தனியாக வாங்கி வைத்திருந்ததால் வீட்டுப் பிரதியை நான் கவனிக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், கவனித்திருந்தாலும் கொடுத்திருப்பேன். அவர் அதை வாசிப்பார் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பதே அவர்தான் என்பது என் மனைவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

மறுநாள் மீன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவில் அவர் குரல் கேட்டது. எங்கள் கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்க்காமல் போனார். மனைவி ஓடிப்போய் விசாரித்துவிட்டு வெறும் பாத்திரத்தோடு வந்தாள். சாருக்குத்தான் இனி கப்பலில் மீன் வருமே, நம்ம மீன் எதற்கு என்று கேட்டாராம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இந்த ஊரில் மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். பத்து நிமிடம்தான் என்றாலும் தினமும் பேசுவார்கள். எழுதினது நீங்கதானே, நீங்களே போய்ப் பேசுங்க என்றாள்.

அடுத்த நாள் காலையில் கேட்டருகே நின்றேன். மக்களாட்சியில் மாற்றுக்கருத்து சகஜம் என்று தொடங்கி ஐந்து நிமிடப் பேச்சு ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவர் சருவத்தை இறக்காமலே நின்றார்.

“சாரே, துறைமுகம் வேணும்னு எழுதுனதுல எனக்கு ஒண்ணும் இல்ல. பதினோரு வருசமா உங்க வாசலுக்கு வாறேன். ‘உங்க ஊர்ல என்ன சொல்லுகாங்க’ன்னு எங்கிட்ட ஒரு நாளு ஒரு வாக்கு கேட்டிருக்கலாம்லா. கேக்காமலே விவரம் தெரியாதுன்னு எழுதிப்போட்டீங்க.”

பதினோரு வருடங்களில் அவரிடம் நான் கேட்டதெல்லாம் என்ன மீன், ஐஸ் மீனா என்ற இரண்டு கேள்விகள்தான். தயாரித்த பேச்சை விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது கேட்டால் சொல்வீர்களா என்றேன். மீன் கெட்டுப்போகும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஞாயிறன்று எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அதே வெள்ளை வேட்டியோடு ஸ்கூட்டரில் போனேன். அன்று கடலுக்குப் போகாத நாள் என்பதால் அவர் கணவரும் இருந்தார். பக்கத்து ஊரில் அலைத் தடுப்புக்காகக் கடலுக்குள் கல் போட்ட பிறகு தங்கள் கரையில் மணல் எப்படிக் குறைந்தது, எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தரையில் விரலால் வரைந்து காட்டினார். நீரோட்டம் எனக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதிது.

அந்த அம்மா வாசலுக்குக் கூட்டிப்போய் அலையைக் காட்டினார். “இது எனக்க ரெண்டாவது வீடு. மொத வீடு அந்தா, அந்தத் தண்ணி கெடக்க எடத்துல இருந்துது.”

அவர்கள் மகனும் துபாயில்தான் இருக்கிறான். ஊரில் வேலை இருந்தால் அவனும் வந்துவிடுவான் என்று அவர்களே சொன்னார்கள். சார் இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கணவர் கேட்டார். என் மகனையும் அந்தத் தண்ணீரையும் மாறிமாறி நினைத்துப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“அப்பம் அதயும் பேப்பர்ல எழுதுங்க, சாரே” என்றார் அந்த அம்மா.

திங்கட்கிழமை மீன் வந்தது. எழுதியாயிற்றா என்ற கேள்வியும் கூடவே வந்தது. செவ்வாயும் புதனும் கேட்டார். விவரம் தெரியாதவன் நான்தான் என்ற ஒரு வரியை எழுத எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. ஐந்தாம் நாள், பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். வாசிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பயந்து நின்றது அன்றைக்குத்தான்.