வெள்ளிப் பூச்சு அடித்த இரண்டு வால்வுகள்

எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பட்டறையை மேற்பார்க்கும் மண்டோருக்கு டிராக்டர் என்றால் பெயிண்ட். உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டால் எண்ணெய் என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டார்.

பட்டறையில் இரண்டு கிழட்டு டிராக்டர்கள் உண்டு. ஒன்றை அப்பா ஓட்டுகிறார், மற்றதை மண்டோரின் மச்சான். ஆயுத பூஜை வந்தால் போதும், டிரெய்லரைத் தூக்கி இறக்கும் வால்வை இரண்டிலிருந்தும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளிப் பூச்சு அடித்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைப்பார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. எது எந்த வண்டியுடையது என்று ஒரு குறி மட்டும் கிடையாது.

போன வருடம் பூஜை முடிந்த மறுநாளே அப்பாவின் வண்டி படுத்தத் தொடங்கியது. ஸ்டீயரிங் கனத்தது. செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லர் பாதி தூக்கியதும் நின்றது. மதியத்துக்குள் எண்ணெய்க் குழாயில் கை வைக்க முடியாத சூடு.

மண்டோரின் மருத்துவம் இரண்டு வகை. முதலில் பம்பின் மேல் ஈரக் கோணிச் சாக்கைச் சுற்றினார். அது பலிக்காததால் சக்கரத்துக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார். அதுவும் பலிக்காததால் அப்பாவின் மேல் பழியைப் போட்டார். லீவரை எந்நேரமும் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறாராம், வயதாகிவிட்டதாம். மச்சானின் வண்டியும் அதே நாளிலிருந்து ஸ்டார்ட் செய்ததும் அலறியது. அதற்கு மட்டும் பம்பு பழசு, பாவம் என்று விட்டுவிட்டார்.

மேனேஜர் திங்கட்கிழமை வரை கெடு வைத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் வண்டி ஒப்பந்த ஆளுக்கு. அப்பா கீழே உதிர்ந்த பழம் பொறுக்கப் போகவேண்டும். அப்பாவுக்கு முட்டி மடங்காது. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால்தான் அவர் இன்னும் வேலையில் இருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். விவசாய இயந்திரங்களில் டிப்ளோமா வாங்கி, சுங்கை பெசார் வயல் பக்கம் நெல் அறுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் சூடாகும் முன்பே பட்டறைக்குப் போய்விட்டேன்.

பழைய டிராக்டர்களில் எண்ணெய் இரண்டு விதமாக ஓடும். முதல் விதம் சுங்கை புரோங் வயல்களில் ஓடும் வாய்க்கால் மாதிரி. பம்பு நிற்காமல் தள்ளும், எண்ணெய் வால்வின் நடுவே புகுந்து தொட்டிக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்; லீவரை அசைத்தால்தான், மடை திறந்த மாதிரி, டிரெய்லரைத் தூக்கத் திரும்பும். மச்சானின் வண்டி அப்படி. இரண்டாவது விதம் வீட்டுக் குழாய் மாதிரி. வால்வு மூடியிருக்கும், அழுத்தம் உள்ளேயே காத்திருக்கும், பம்பும் தள்ளாமல் ஓய்ந்திருக்கும். அப்பாவின் வண்டி இது. இதில் திறந்த வால்வை மாட்டினால் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போன கதைதான். பம்புக்கு ஓய்வே இல்லை, எண்ணெய் கொதிக்கும், அதே பம்பை நம்பியிருக்கும் ஸ்டீயரிங்குக்கு வலு இருக்காது. மச்சானின் வண்டியில் மூடிய வால்வை மாட்டினால் வாய்க்காலை அடைத்த மாதிரி. எண்ணெய் முட்டி மோதி, பாதுகாப்பு வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு நாள் முழுக்க அலறும்.

பூஜைக்குக் கழற்றிய வால்வுகள் இடம் மாறிவிட்டன என்பதையும் சேர்த்து, இதை நான் மண்டோரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

"பாப்பா, எல்லா டிராக்டரும் ஒண்ணுதான் லா. எண்ணெய் போவுது, வருது. காகிதத்துல படிக்கிறது வேற, கையில கிரீஸ் படுறது வேற."

என் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் அவருடையதைவிடப் புதுசு. அப்பாவின் வண்டியில் தொட்டிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டேன். அப்பாவை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மூடிய வால்வாக இருந்தால் சில சொட்டுதான் விழவேண்டும்; எண்ணெய் வாளியில் கொட்டியது.

"அங்கிள், லீவர யாரு பிடிச்சிருக்கா?"

மண்டோர் அப்பாவின் கைகளைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். மச்சான் தானாகவே போய் ஸ்பேனர் எடுத்து வந்தார்.

வால்வுகளை இடம் மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. இந்த முறை குழாயை வாளியில் விட்டபோது சில சொட்டு விழுந்து நின்றது. மச்சானின் வண்டி அலறவில்லை. அப்பா குலை ஏற்றிய டிரெய்லரை முழுசாகத் தூக்கினார், இறக்கினார், அவசியமில்லாமல் இன்னொரு முறையும் தூக்கினார்.

"ரெண்டும் வெள்ளியா இருந்துச்சு, நான் என்னா செய்ய?" என்றார் மண்டோர். இரண்டுக்கும் வெள்ளி அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை நான் போவதற்குள் அவர் மேனேஜரிடம் போய், வால்வில் ஒரு சின்னக் கோளாறு, தானே சரிசெய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். நான் மலாய் மொழியில் தொடக்கத்திலிருந்து சொன்னேன், பூசணிக்காய் உட்பட. மேனேஜர் சிரித்தார். ஒப்பந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டோரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளம்பும் முன் இரண்டு வால்விலும் உளியால் ஆழமாகக் குறி வெட்டினேன். இந்த வருடம் பூஜைக்கு வந்து பார்த்தால், அந்தக் குறிகளைப் பழைய கீறல் என்று நினைத்து மண்டோர் பட்டி வைத்து மூடிக்கொண்டிருந்தார். முதலில் மச்சானுடையது. அதை முடித்துவிட்டு ஸ்பேனரோடு அப்பாவின் வண்டிக்கு வந்தார். அப்பா இருக்கையை விட்டு இறங்கவில்லை.

"என்னுத கழட்ட வேணாம்ணே. இங்கயே பொட்டு வைங்க, சாமி இங்க வந்து பாத்துக்கும்."