மிசின் வீதியில் அடைத்துக் கிடந்த வாசல்

1. ஜேசிபிக்கு முன்னால் ஒரு நாற்காலி

வேலை தொடங்கும் நாளன்று கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது ஜேசிபி டிரைவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஒரு அம்மா வண்டிக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்துட்டுது. எந்திரிக்க மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?"

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு இறங்கி நில்லுங்க. நான் வந்துடறேன்" என்றேன்.

மலையில் பெரக்கரை நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுப்பில் ஓர் ஊர். அங்கே ஒரு பழைய கருங்கல் மில். சுற்றுவட்டார ஊர்களின் சாமையும் ராகியும் ஒரு காலத்தில் தலைச்சுமையாக அங்கேதான் வரும். மலையில் யாரும் மில் என்று சொல்வதில்லை, மிசின் என்பார்கள். எதிரே இருக்கும் கடைத்தெருவுக்கும் மிசின் வீதி என்றே பெயர். ரேஷன் அரிசி வந்து, மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் கரண்ட் மிசின்களும் வந்த பிறகு இது மூடப்பட்டது. மாடுகள் உள்ளே போகாமலிருக்க முன்வாசல் வளைவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வீதியில் பாதிக் கடைகள் ஷட்டர் இறங்கிக் கிடந்தன.

மில்லைச் சீரமைத்து, சிறுதானியம் குத்தும் இயந்திரங்கள் வைத்து, மகளிர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வீதிக்கு வடிகாலும் நடைபாதையும் போட வேண்டும். அரசுப் பொறியாளராக என் சர்வீஸில் கடைசியாக வந்த பெரிய வேலை இதுதான். ஓய்வுபெற அதிக நாள் இல்லை.

நாற்காலியில் இருந்தவர் நல்லம்மா. மில்லுக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஆனால் நாற்காலியை நகர்த்தவில்லை.

"ஏனுங்க இன்ஜினியரம்மா, வண்டி எதுக்குங்க பின்பக்கம் தோண்டப் போகுது?"

"பின்னாடி கார் பார்க்கிங் வருதுக்கா. டூரிஸ்டுங்க புது ரோட்டுல வந்து அந்த வழியா உள்ள போவாங்க. உள்ள முற்றத்துல வரிசையாக் கடைங்க வருது."

"அப்ப காரு பின்னாடியே வரும், பின்னாடியே போயிரும். எங்களுக்கு இந்த மொட்டைச் சொவுரு மட்டும் மிச்சமுங்களா? வீதிய நல்லாக்கறோமுன்னு சொல்லிப்போட்டு வீதிக்கே முதுகக் காட்டி உக்கார வெக்கறீங்களே!"

டிராயிங்கை அவர் கடை பெஞ்சில் விரித்தேன். அந்தப் பின்வாசலை வரைந்தது ஆலோசகர் கம்பெனி. முன்வளைவில் பெரிய விரிசல் இருப்பதால் அதைத் தொட வேண்டாம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். பொறியியல்படி அது நியாயம்தான். ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோது, நடைபாதை, விளக்கு, வடிகால் எல்லாம் போட்டபின் அதில் நடக்கப்போவது யார் என்று எனக்கே கேட்கத் தோன்றியது. அன்றைக்கு ஜேசிபியைத் திருப்பி அனுப்பினேன்.

2. இரண்டு பக்கமும் நியாயம்

மேலதிகாரியான செயற்பொறியாளர் போனில் கத்தினார்.

"அப்ரூவ் ஆன டிராயிங்மா அது! ஒரு டீக்கடைக்காரம்மா சொல்லுதுன்னு வாசல மாத்துவீங்களா?"

"சார், முன்வாசலத் திறக்கலன்னா வீதிக்குச் செலவு பண்றதே வீண். முற்றத்துக் கடைங்கள எடுத்துட்டு, ரிவைஸ்டு டிராயிங் நானே போட்டு அனுப்பறேன்."

"வளைவு விழுந்துச்சுன்னா?"

"விழாம எடுக்கறேன் சார்."

"விழுந்தா சார்ஜ் மெமோ உங்க பேர்லதான் வரும். ரிட்டயர் ஆகற நேரத்துல பென்ஷன நிறுத்திக்காதீங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அக்கறையோடு சொன்னார். அன்றிரவே புது டிராயிங்கைப் போட உட்கார்ந்தேன்.

அடுத்த சிக்கல் நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மகளிர் குழுத் தலைவி சித்ரா, நாலைந்து பெண்களோடு சைட்டுக்கு வந்தார். முற்றத்துக் கடைகளை அவர்கள் குழுவுக்குத் தருவதாக முன்பே பேசியிருந்தோம்.

"உள்ள கடை கட்டித் தாரோமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இப்ப நல்லம்மாக்கா ஒரு நாற்காலி போட்டாங்கன்னு மாத்தறீங்களா? எங்களுக்கும் பொழப்பு இருக்குதுங்க."

அவர் சொன்னதும் நியாயம். முற்றத்தில் கடை வந்தால் வீதிக் கடைகள் சாகும். வராவிட்டால் குழுவுக்கு விற்க இடமில்லை. டீக்கடையில் வைத்தே பேசினோம். வீதியில் பூட்டிக் கிடக்கும் கடைகளைக் குழு எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"அதுக்கு ஓனருங்க எங்க இருக்கறாங்க? பாதிப் பேரு திருப்பூரு, பாதிப் பேரு நாமக்கல்லு. யாரு போயிக் கேக்கறது?" என்றார் சித்ரா.

"நான் கேக்கறேன்" என்றார் நல்லம்மா.

"சாவி கையில வந்தாத்தான் நம்புவேனுங்கக்கா."

"வரும் கண்ணு. இல்லாட்டி என்ற கடையிலயே பாதிய எடுத்துக்க."

அதற்குப் பிறகு நல்லம்மா டீ ஆற்றும்போதெல்லாம் காதில் போன் இருந்தது. ஒருவரை அதட்டினார், ஒருவரிடம் அழுதார், ஒருவரின் மாமியாரைப் பிடித்து அவர் மூலமாகப் பேசினார். சாவிகள் ஒவ்வொன்றாக பஸ் கண்டக்டர் கையில் மலையேறி வந்தன. சித்ரா அவற்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். சிரிக்கவில்லை, ஆனால் மறுநாள் குழுப் பெண்கள் ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

3. வளைவு

கல் வளைவை அடைத்திருக்கும் செங்கல்லை ஒரேயடியாக எடுக்கக் கூடாது. அத்தனை வருடமாக அந்தச் செங்கல்லும் கொஞ்சம் பாரம் தாங்கியிருக்கும். மேல்பாதியை மட்டும் எடுத்து, வளைவின் உள்வடிவத்துக்கே மரத்தில் தாங்குசட்டம், அதாவது சென்டரிங், செய்து நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்கிய பிறகுதான் கீழ்ப்பாதியில் கை வைக்க வேண்டும். விரிசலில் சிமென்ட் ஊற்றவும் கூடாது. பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்புதான் ஒத்துப்போகும். கொத்தனார் ராஜுவும் நானும் ஒவ்வொரு ஆப்பையும் தட்டிப் பார்த்துத்தான் வேலை செய்தோம்.

மேல்பாதி முடிந்து சென்டரிங் நின்ற நாளில், மதியத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஓடு தாங்கும் ரீப்பர் மரங்களை மாற்றுவதற்காகக் கூரை ஓடுகளை இறக்கி வைத்திருந்தோம். சுவரின் தலையை மூடியிருந்த தார்ப்பாயைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் சுவருக்குள் நேராக இறங்கியது. கல்லுக்கு நடுவே நிரப்பியிருந்த மண் கரைந்து சிவப்பாக வழிய ஆரம்பித்தது.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று ராஜு கத்தினார். கடைசி ஆள் வெளியே வரவும், வளைவின் பக்கத்திலிருந்து ஒரு கல் நழுவி விழுந்தது. சென்டரிங் முனகியது. நான் வீதி நடுவே மழையில் நின்றேன். சுவர் போனால் மில் போகும், என் பென்ஷன் போகும், பேசி முடித்த அத்தனையும் போகும். இவ்வளவும் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது.

"மேல மூடிட்டா நிக்கும்மா. ஆனா நம்மகிட்ட இருக்கற தார்ப்பாய் பத்தாது" என்றார் ராஜு.

அதை நல்லம்மா கேட்டிருக்க வேண்டும். கடையை அப்படியே போட்டுவிட்டு வீதியில் ஓடினார். மிளகு காயப்போடும் தார்ப்பாய் இல்லாத வீடு மலையில் இல்லை. முதலில் வந்து சேர்ந்தது சித்ராவும் அவர் குழுப் பெண்களும்தான், ஆளுக்கொன்றாகத் தலைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு.

"எங்க மிசின் ஊடுங்க இது. விட்டுருவோமா?" என்றார் சித்ரா.

வளைவின் பக்கம் யாரையும் விடாமல், பின்சுவர் சாரத்தின் வழியாக ராஜுவும் இரண்டு ஆட்களும் மேலே ஏறினார்கள். கீழிருந்து பெண்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். நீலம், மஞ்சள், கறுப்பு என்று சுவர் முழுக்கத் தார்ப்பாய். மேலே கல் வைத்துக் கட்டினோம். சிவப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சென்டரிங் அசையவில்லை.

மறுநாள் செயற்பொறியாளர் வந்தார். விழுந்த கல்லைப் பார்த்தார், ஆப்புகளைக் குனிந்து பார்த்தார், தார்ப்பாய்களைப் பார்த்தார்.

"இத்தன தார்ப்பாய் எந்த எஸ்டிமேட்ல வந்துச்சும்மா?"

"எஸ்டிமேட்ல இல்லைங்க சார். ஊர்க்காரங்களது."

"சரி, கல்லத் திருப்பி ஏத்துங்க. ரிவைஸ்டு டிராயிங்ல கையெழுத்துப் போடறேன்" என்றார்.

4. நல்லம்மாவின் அடுப்பு

வடிகால் வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமான நாள் ஒன்று வந்தது. லைன் கயிறு கட்டியபோது நல்லம்மாவின் அடுப்பு மேடை கயிற்றைத் தாண்டி, வடிகால் வரும் இடத்தில் நின்றது. அதைச் சுற்றி வடிகாலை வளைத்துக் கட்டினால் தண்ணீர் தேங்கும், மற்றவர்களும் வளைக்கச் சொல்வார்கள். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றேன்.

"கயித்தப் பாத்துப்போட்டேனுங்க" என்றார் அவரே. "என்ற கையே இடிக்கட்டும். வேற ஆளு இடிச்சா அழுது போடுவேன்."

கடப்பாரையை வாங்கி அவரே இடித்தார். ஆனாலும் அழுதார்.

மில் ஓடத் தொடங்கிய அன்று, முன்வாசல் வழியாகச் சாமை மூட்டைகள் உள்ளே போயின. குத்திய அரிசி வீதிக் கடைகளுக்கு வந்தது. பின்பக்கப் பார்க்கிங் கைவிடப்பட்டதால் டூரிஸ்ட் கார்கள் வீதி முனையிலேயே நின்றுவிட, அங்கிருந்து ஜனங்கள் நடந்து வந்தார்கள். சில மாதம் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு, சும்மா ஒருமுறை போனேன். மில் வாசலை ஒட்டி ஓர் இளம் தம்பதி புதிதாக டீக்கடை போட்டிருந்தார்கள். கண்ணாடி ஷோகேஸ், கேக், காபி மெஷின். கூட்டம் அங்கேதான் இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. எதிரே நல்லம்மாவிடம் போய், "என்னக்கா இது, நீங்க போராடித் திறந்த வாசல்ல வேற யாரோ கடை போட்டுட்டாங்களே" என்றேன்.

அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "போடட்டுமுங்க. ஈ ஓட்டற வீதியில ஒத்த டீக்கடையா உக்காந்திருந்தனே, அந்தப் பொழப்புக்கு இது தேவலைங்க. அவங்ககிட்ட எடம் பத்தாம இங்க வாரவங்களே எனக்கு ரெண்டு பால் கேன் காலியாக்கறாங்க."

இந்த வேலைக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய கட்டடத்தைச் சீரமைக்கப் போகும்போது அளவு டேப்பை எடுக்குமுன், எதிரே இருக்கும் கடையில் போய் உட்காருங்கள். வாசல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை அங்கிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள். திறந்த பிறகு அந்த வழியாக யார் யார் வந்து பிழைப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. வழியை மட்டும் அடைக்காமல் விட்டுவிட்டு வாருங்கள்.