மைக் மேல் உட்கார்ந்தவன்

இந்த வாரம் ஒருநாள் காலை... திண்டிவனம், செஞ்சி, புதுச்சேரி என்று சுற்றுவட்டாரமே என் பேச்சைக் கேட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு நல்ல மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்தே வானலையில் பேச அனுமதிக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எழுபத்திரண்டு வயதில் இது எதற்கு என்கிறீர்களா? முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். அலைகளைக் கரும்பலகையில் வரைந்ததோடு சரி. ஒன்றையாவது அனுப்பிப் பார்க்க வேண்டாமா?

பரீட்சை சுலபம். ஆன்டெனாதான் பேஜார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் தனபால், அவரும் ரேடியோக்காரர், பஸ்ஸில் குழாயும் கம்பியுமாக விழுப்புரம் வந்து, கொளுத்தும் வெயிலில் எங்கள் மொட்டை மாடியில் கட்டிக் கொடுத்தார். ஒரு சொம்பு மோர் மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் எல்லோரையும் ரேடியோவில் வரிசையாகக் கூப்பிடுவதும் அவர்தான். ஒவ்வொருவரிடமும் சிக்னல், மழை, முட்டிவலி வரை விசாரிப்பார். என் முறை வர அரைமணி ஆகும்.

அன்று எனக்குப் பொறுமை போயிற்று. மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டுக் காபி எடுத்துவந்து உட்கார்ந்தேன். தனபாலின் குரல் சட்டென்று நின்றது. முடித்துவிட்டார் என்று நினைத்து, மனைவி சரோஜாவிடம் பொரிந்தேன்.

"மல்லாட்டை உரிக்கிற மாதிரி ஒவ்வொருத்தரா உரிக்கிறான். வாய மூடவே மாட்டான் போல!"

சரோஜாவின் போன் அடித்தது. தனபால்!

"அம்மா, சார கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க. மைக்கு மேல குந்திக்கினு இருக்காரு. எல்லாருக்கும் கேக்குது."

மைக்கில் ஒரு பட்டன். அழுத்தினால் நாம் பேசலாம். விட்டால்தான் பிறர் பேசுவது கேட்கும். என் எடை அதை நன்றாகவே அழுத்தியிருந்தது.

அன்று முழுக்க செட் பக்கம் போகவில்லை. அந்த மனிதரை இழந்துவிட்டோமே என்ற கவலை. மறுநாள் ஏழு மணி... எல்லோரும் கேட்கத் திட்டியவன், எல்லோரும் கேட்கத்தானே மன்னிப்பும் கேட்க வேண்டும்?

"தனபால், வெயில்ல வந்து ஆன்டெனா கட்டிக் குடுத்தவரைப் பேசக்கூடாத பேச்சு பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

பதில் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல பட்டன வுடுங்க!" என்றாள் சரோஜா. பதற்றத்தில் கட்டைவிரலை எடுக்கவேயில்லை நான்.

எடுத்தேன். செட்டே சிரித்தது.

"...மூணாவது வாட்டி சொல்றேன் சார்! நீங்க வுட்டாத்தானே நான் பேச முடியும்? மல்லாட்டை வறுத்து வைக்கறேன், ஞாயித்துக்கெழம அம்மாவக் கூட்டிக்கினு வாங்க. ஆமா, முட்டிவலி எப்படி இருக்கு?"

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம். வீட்டில் பெரும்பாலும் நான்தான் பேசுவேன். சரோஜா அதிகம் பேசாதவள் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ்ஸில் அவள் பேசட்டும். என் கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.