கயிற்றைப் பிடித்த கை

ஆரையம்பதியில் பாதிச் சனம் கதிர்காமத்தம்பியர் வெட்டிய கிணற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். ஆனாலும் ஒரு பிடி மண்ணை மூக்கருகே கொண்டுபோனால் போதும், எத்தனை முழத்தில் தண்ணீர், உப்பா நல்ல தண்ணியா என்று சொல்லிவிடுவார். கருவியோடு வந்த எஞ்சினியர்மாரும் கடைசியில் அவர் காலால் கீறிக் காட்டிய இடத்தில்தான் தோண்டினார்கள். பொய்யென்று சொல்ல ஊரில் ஓர் ஆள் வரட்டும் பார்ப்போம்.

அப்படிப்பட்டவரின் வலது கை போன சித்திரையில் அவரை ஏமாற்றியது. செத்துப்போன தம்பியின் மகன் மதுரனுக்குக் கலியாணம். பந்தல் கயிற்றை இழுத்தவரின் கை மூடியது மூடியபடியே நின்றுவிட்டது. நல்லெண்ணெய் பூசி விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு வாளிக் கயிற்றைத் தொட்டாலும் அதே கூத்து. கயிறு பிடிக்க ஏலாதவனை யார் கிணறு வெட்டக் கூப்பிடுவார்?

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பிலும் பிழையில்லை, நரம்பிலும் பிழையில்லை என்று டாக்குத்தர் கடைசி அறைக்கு அனுப்பினார். அங்கே றமீஸா என்ற உளவளத் துணையாளர் இருந்தாள். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளை. கைக்கு வருத்தம் என்று போனவனை மனதுக்கு வைத்தியம் பார்க்கிறவளிடம் அனுப்பினால் அதில் ஏதோ சூது இருக்கத்தானே வேண்டும்? அவள் மடியில் ஒரு கொப்பி வேறு. சண்டைக் காலத்தில் கொப்பியோடு வந்து பெயர் எழுதிப் போனவர்களுக்குப் பின்னால் என்னென்ன வந்தன என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் மூன்று கிழமையும் அவர் தன் கிணறுகளின் வீரதீரத்தைச் சொல்லி, தம்பி செத்ததை ஒரு வரியில் தாண்டிவிட்டு எழுந்து வந்தார்.

நாலாம் கிழமை அவள் ஒரு வெறுங் கதிரையை இழுத்து எதிரே போட்டாள்.

“ஐயா, இதில உங்கட தம்பி இரிக்காரெண்டு நினைச்சிக்கங்க. அவரோட பேசுங்க.”

கதிர்காமத்தம்பியர் துள்ளி எழும்பினார். “ஓகோ! கட்டுச் சொல்றவட வேலையா இது? ஆவியைக் கூப்பிட டாக்குத்தரும் கூட்டா?”

“ஆவியும் இல்ல, ஒண்டும் இல்ல ஐயா. உள்ளுக்க அடைபட்டுக் கிடக்கிறத வெளிய எடுக்கிற ஒரு முறை.”

“செத்தவன ஆரும் கூப்பிடலாம், புள்ள. மறுகா ஆர் திருப்பி அனுப்புற?”

அவள் சற்று யோசித்தாள். “அது எனக்குத் தெரியா, ஐயா. உங்கட முறைப்படி நீங்களே அனுப்புங்க. நான் கதவத் திறந்து வைக்கிறன்.”

தெரியாததைத் தெரியாதென்று சொன்ன படித்த ஆளை அவர் அன்றுதான் கண்டார். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அடுத்த கிழமை நெற்றி நிறையத் திருநீறும் மடிக்குள் ஆவி அண்டாமல் ஒரு தேசிக்காயுமாகப் போனார். கதவு திறந்திருந்தது. கொப்பி யன்னலடியில் மூடிக் கிடந்தது. கதிரையில் ஒரு துண்டுக் கயிறு. அதன் மறு நுனியை அவள் அவர் கையில் கொடுத்தாள்.

“கீழ ஆள் இறங்கினா மேல நிக்கிறவர் கூப்பிடணுமெண்டு சொன்னீங்களே. எப்படிக் கூப்பிடுவீங்க?”

அதுதான் தொழிலின் சட்டம். மேலே கயிறு பிடிப்பவன் ‘இரிக்கியா?’ என்று அடிக்கடி கேட்க வேண்டும். கீழே இருப்பவன் ‘ஓம், இரிக்கன்’ என்று சொல்ல வேண்டும். பெருமையாக அவரே அவளுக்குச் சொன்ன கதை.

கை மூடிக்கொண்டது.

“தம்பி... சீனித்தம்பி, இரிக்கியா?”

கதிரை சும்மா இருந்தது. தம்பி போனது, சுனாமி உப்பாக்கிய கிணறுகளுக்குப் பதில் புதுக் கிணறு வெட்டிய வருடம். மண் இன்னும் இறுகவில்லை. மணல் சரிந்து தம்பி மூடுண்டபோது, உள்ளங்கைத் தோல் உரிய அண்ணன் கயிற்றை இழுத்தார் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். தோல் உரிந்தது உண்மை. அதற்கு முந்திய கதைதான் ஊருக்குத் தெரியாது.

“நான் கூப்பிடல்ல, தம்பி,” என்றார். “கயித்தத் தென்னையில கட்டிப்போட்டு, என்ட கிணறு ஒருநாளும் சரியாதெண்டு வளவுக்காரனுக்குப் பெரும பேசிட்டு நிண்டன். அந்தப் பேச்சு முடியல்ல, நீ போயிட்டாய். உன்ட பொஞ்சாதிக்கு இருவது வருசமாப் பொய் சொல்றன்.”

சின்ன விரல் நெகிழ்ந்தது. பிறகு மோதிர விரல். மற்ற மூன்றும் விடவில்லை.

துண்டுக் கயிறு கையிலேயே இருக்க எழும்பிக் கதிரையை வாசல் பக்கம் திருப்பி, அதில் தேசிக்காயை வைத்தார். ‘போயிட்டு வா’ என்று நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினார். செத்தவனுக்கு அதைச் சொல்லக் கூடாது.

“போ ராசா.”

பிறகு யன்னலடியைப் பார்த்தார். “அந்தக் கொப்பியில என்ன எழுதின?”

அவள் விரித்துக் காட்டினாள். வெறும் தாள்.

“நான் ஆருக்கும் சொல்லமாட்டன், ஐயா.”

நம்புவதா விடுவதா என்று வழி முழுக்க யோசித்தார். அவள் சொல்லமாட்டாள் என்றால் சொல்வதற்கு ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியைக் கடந்து நடந்து, தம்பி பெண்சாதியின் படலையில் நின்றார்.

“கண்ணகை, இரிக்கியா?”

உள்ளே சுளகில் புடைக்கிற சத்தம் நின்றது.

“ஓம், இரிக்கன். இதென்ன புதினமாக் கூப்பிடுறீங்க? வாங்க அத்தான்.”

மூடிய மூன்று விரலோடு அவர் படலையைத் தள்ளினார்.